முதல் தலைவி சாந்தா ரங்கசாமி

கிரிக்கெட் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர்கள் யார்? கவாஸ்கர், கபில்தேவ், டெண்டுல்கர், தோனி என்று பெயர்கள் வரிசையாக வரும். சேலம் மாவட்டத்தவராகிய நாம் சின்னப்பம்பட்டி நடராஜனையும் பெருமையுடன் சேர்த்துக் கொள்வோம். ஆனால் இந்தியப் பெண்கள் அணிக்கு முதன்முதலில் தலைமை தாங்கியவர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். நானும் அப்படி விழித்தவள்தான்.

2025-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் இரவு. நவி மும்பையில் நம் பெண்கள் அணி தென் ஆப்பிரிக்காவை 52 ஓட்டங்களில் வென்று முதன்முறையாக உலகக் கோப்பையைக் கைப்பற்றியது. வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தோம். அப்போது என் அப்பாயி, "பொட்டப் புள்ளைங்க எப்பக் கண்ணு இந்த ஆட்டத்தை ஆட ஆரம்பிச்சாங்க?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. தேடிப் படித்துத் தெரிந்து கொண்டதையே இங்கு எழுதுகிறேன்.

சாந்தா ரங்கசாமி 1954-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் சென்னையில் பிறந்தார், பெங்களூரில் வளர்ந்தார். கூட்டுக் குடும்பம். வீட்டு வளவில் உடன்பிறந்தாரோடும் உறவுப் பிள்ளைகளோடும் டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகியதே அவருக்குக் கிடைத்த முதல் பயிற்சி. அக்காலத்தில் பெண்களுக்கென்று கிரிக்கெட் சங்கம் எதுவும் இல்லை. 1973-இல்தான் இந்தியப் பெண்கள் கிரிக்கெட் சங்கம் லக்னோவில் பதிவு செய்யப்பட்டது. அவ்வாண்டு புனாவில் நடந்த முதல் மாநிலப் போட்டியில் கலந்து கொண்ட அணிகள் எத்தனை தெரியுமா? மூன்றே மூன்று!

கிரிக்கெட்டில் மிகப் பெரிய சோதனை டெஸ்ட் பந்தயம். ஒவ்வோர் அணியும் இருமுறை மட்டை பிடித்து, பல நாட்கள் ஆட வேண்டும். உடல் வலிமையோடு பொறுமையும் வேண்டும். இந்திய ஆண்கள் தங்கள் முதல் டெஸ்ட் பந்தயத்தை 1932-இல் ஆடினார்கள். பெண்களுக்கு அந்த வாய்ப்பு 44 ஆண்டுகள் கழித்து, 1976-இல் வந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் பெண்கள் அணி ஆறு டெஸ்டுகள் ஆட நம் நாட்டுக்கு வந்தது. இந்திய அணிக்குத் தலைவி சாந்தா. அப்போது அவருக்கு வயது 22. தமிழ்நாட்டின் சுதா ஷாவும் அந்த முதல் அணியில் இருந்தார். முதல் பந்தயம் பெங்களூரிலும், இரண்டாவது நம் சென்னைச் சேப்பாக்கத்திலும் நடைபெற்றன. பாட்னாவில் நடந்த நான்காவது டெஸ்டில் இந்தியா வென்றது. நம் பெண்கள் பெற்ற முதல் டெஸ்ட் வெற்றி அதுவே. தொடர் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக முடிந்தது.

சாந்தா மட்டை பிடிப்பதிலும் மிதவேகப் பந்து வீச்சிலும் ஒருங்கே வல்லவர். இத்தகையவரை 'ஆல்ரவுண்டர்' என்பார்கள். 1977 ஜனவரியில் நியூசிலாந்தின் டனிடின் நகரில் அவர் 108 ஓட்டங்கள் குவித்தார். டெஸ்ட் பந்தயத்தில் இந்தியப் பெண் ஒருவர் அடித்த முதல் சதம் இது. 1976-ஆம் ஆண்டுக்குரிய அர்ஜுனா விருதும் அவருக்குக் கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற முதல் கிரிக்கெட் வீராங்கனை அவரே.

இவ்வளவு புகழ் பெற்றவர் சுகமாக வாழ்ந்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? இல்லை, தோழியரே! ரயிலில் முன்பதிவு இல்லாத பெட்டிகளில் பயணம் செய்ததையும், படுக்கையைத் தாங்களே சுமந்து சென்றதையும், பொது அறைகளில் தரையில் படுத்து உறங்கியதையும் அவரே பேட்டிகளில் கூறியிருக்கிறார்.

ஆனால் இவற்றையெல்லாம் விட என் மனத்தை வருத்திய செய்தி வேறொன்று. 1977 ஜனவரிக்குப் பின் இந்தியப் பெண்கள் அடுத்த டெஸ்ட் ஆடியது 1984 ஜனவரியில். இடையில் ஏழு ஆண்டுகள்! அதாவது சாந்தாவின் 23 வயது முதல் 30 வயது வரை. ஒரு விளையாட்டு வீரருக்கு உடலில் வலிமை மிகுந்த காலம் அதுதான் அல்லவா? அந்தக் காலத்தில் அவருக்கு ஒரு டெஸ்ட் பந்தயம்கூடக் கிடைக்கவில்லை. 1976 முதல் 1991 வரை அவர் ஆடிய டெஸ்டுகள் மொத்தம் 16. எடுத்த ஓட்டங்கள் 750, வீழ்த்திய விக்கெட்டுகள் 21. இந்த எண்களை மட்டும் பார்ப்பவர் "இவ்வளவுதானா?" என்று கேட்கக்கூடும். திறமை குறைவால் வந்த குறைவல்ல அது. ஆடக் களம் இல்லாததால் வந்த குறைவு.

அவர் மனம் தளர்ந்து ஒதுங்கிவிடவில்லை. 1982-இல் நியூசிலாந்தில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். ஆட்டத்தோடு கனரா வங்கியில் பணியும் செய்து, பொது மேலாளர் பதவி வரை உயர்ந்தார். விளையாட்டால் படிப்பும் வேலையும் கெடும் என்று அஞ்சும் பெற்றோர்கள் இதனைக் கவனிக்க வேண்டுகிறேன்!

அவர் திறந்த வழியில் பின்னால் வந்தவர்கள் நடந்தார்கள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அல்லவா? ஆனால் அம்மி மெதுவாகவே நகர்ந்தது. பாட்னாவுக்குப் பின் அடுத்த டெஸ்ட் வெற்றி 2002-இல்தான் வந்தது. 2006-இல் பெண்கள் கிரிக்கெட், இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் பொறுப்பில் சேர்ந்தது. 2013-இல் சென்னையைச் சேர்ந்த திருஷ் காமினி, உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண் ஆனார். 2017-இல் வாரியத்தின் வாழ்நாள் சாதனையாளர் விருது சாந்தாவுக்கு வழங்கப்பட்டது. அவ்விருதைப் பெற்ற முதல் பெண் அவரே. 2022 அக்டோபரில், ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஆட்ட ஊதியம் ஒன்றே என்று வாரியம் அறிவித்தது.

சாந்தா 1976-இல் தலைமை தாங்கிய அதே சேப்பாக்கத்தில், 2024-இல் நம் பெண்கள் தென் ஆப்பிரிக்காவுக்கு எதிராக 6 விக்கெட் இழப்புக்கு 603 ஓட்டங்கள் குவித்தார்கள். பெண்கள் டெஸ்டில் எந்த அணியும் அதற்கு முன் அவ்வளவு எடுத்ததில்லை. அப்பந்தயத்தில் 205 ஓட்டங்கள் எடுத்த ஷபாலி வர்மாதான் 2025 இறுதி ஆட்டத்தில் 87 ஓட்டங்கள் எடுத்தவர்.

இனி நம் ஊர்க் கதை. நம் தம்மம்பட்டி மரச் சிற்பங்களுக்குப் பெயர் பெற்றது. சிற்பிகள் செதுக்கியது போக மீந்த பலகையில் எங்கள் தெருப் பையன்கள் மட்டை செய்து ஆடுவார்கள். சாக்கடைப் பக்கம் ஓடும் பந்தை எடுத்து வருவது மட்டும் என் வேலை. எட்டாம் வகுப்புக்கு வந்ததும், "வயசுப் புள்ளைக்கு ரோட்டுல என்ன வேலை?" என்று அப்பாயி அதையும் நிறுத்திவிட்டார்.

இக்கட்டுரைக்காகச் சேகரித்தவற்றை அப்பாயிக்குப் படித்துக் காட்டினேன். டனிடின் சதத்தை விட அந்த ஏழு ஆண்டுகளே அவர் மனத்தில் தைத்தன போலும். "ஏழு வருசம் அந்தப் புள்ள சும்மாவா கண்ணு இருந்துச்சு?" என்றார். "இல்லை அப்பாயி, பழகிக்கிட்டேதான் இருந்தாங்க" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை, தம்பியின் மட்டையை எடுத்துக் கொண்டு நான் படியிறங்கியபோதும் ஒன்றும் சொல்லவில்லை!

அன்புள்ள பெற்றோர்களே, மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளே! எல்லாப் பெண்களும் சாந்தா ரங்கசாமி ஆகிவிட முடியாது. நாங்கள் கேட்பது கோப்பையும் அன்று. பள்ளி முடிந்தபின் ஒரு மணி நேரமும், ஓடியாட ஓர் இடமும் தாருங்கள். பந்தைப் பொறுக்கிக் கொடுத்த கைகளுக்கு அதை வீசவும் தெரியும்.