மலேரியா மூலிகைக்கு வைக்கப்படும் சோதனை

ஒரு மூலிகை காய்ச்சலைத் தணிக்கிறது என்பதும், மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியம் என்ற ஒட்டுண்ணியை அது கொல்கிறது என்பதும் ஒன்றல்ல; உடல்சூட்டை மட்டும் இறக்கும் மூலிகையும் நோயாளிக்கு நல்ல மருந்தாகவே தோன்றும் என்பதால், ஆய்வகம் நேராக இரத்தத்தையே பார்க்கிறது. கொறிவிலங்குகளைத் தாக்கும் பெர்கி வகை ஒட்டுண்ணி ஏற்றப்பட்ட சுண்டெலிகளுக்கு நான்கு நாள் சாற்றைப் புகட்டி, பின்னர் வாலிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாக இழுத்து, கீம்சா என்னும் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால், ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்கள் ஊதாப் புள்ளியோடு தெரியும். மருந்து பெறாத எலிகளைவிட அவை எவ்வளவு குறைந்துள்ளன என்பதே சாற்றின் மதிப்பெண்.

வியட்நாம் போர்க்காலத்தில் குளோரோகுயினுக்கு மலேரியா கட்டுப்படாமல் போனபோது, சீன அரசு 1967-இல் தொடங்கிய '523' என்ற இரகசியத் திட்டத்தின்கீழ், பெய்ஜிங்கில் டு யூயூவின் குழு சுமார் 200 மூலிகைகளின் 380-க்கும் மேற்பட்ட சாறுகளை எலிகளில் சோதித்தது. அவற்றுள் சிங்ஹாவ் எனப்படும் ஆர்ட்டிமீசியா ஆனுவா முதலில் நம்பிக்கை அளித்து, அடுத்தடுத்த சோதனைகளில் கைவிட்டது. குறை செடியிலா, சாறெடுத்த விதத்திலா என்று தேடுகையில், நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹோங்கின் குறிப்பு கண்ணில் பட்டது: ஒரு பிடி சிங்ஹாவைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொன்னாரே தவிர, அவர் காய்ச்சச் சொல்லவில்லை. சூட்டில் மருந்துப்பொருள் சிதைகிறதோ என்று ஐயுற்ற டு யூயூ, சுமார் 35 பாகை செல்சியசிலேயே கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாறெடுத்து, அதன் நச்சுத்தன்மையுள்ள அமிலப் பகுதியை நீக்கினார். 1971 அக்டோபரில் அந்தச் சாறு எலிகளின் ஒட்டுண்ணிகளை முற்றாக ஒடுக்கியது. மறு ஆண்டு அதிலிருந்து பிரிந்த படிகமே ஆர்ட்டிமிசினின். பழைய ஏடே மருந்தைத் தந்துவிட்டதாகச் சொல்வோர் உண்டு. ஏடு தந்தது ஒரு குறிப்பு மட்டுமே, அதைத் தேட வைத்தது எலிகள் தந்த முரண்பட்ட விடை.

மனிதரைத் தாக்கும் ஃபால்சிபாரம் வகையை ஆய்வகத்தில் சிவப்பணுக்களிலேயே தொடர்ந்து வளர்க்கும் வழியை டிரேகரும் ஜென்சனும் 1976-இல் வெளியிட்ட பின், முதற்சுற்றுச் சோதனையைக் குழித்தட்டுகளில் நடத்த முடிந்தது. முதிர்ந்த மனிதச் சிவப்பணுவில் உட்கரு இல்லை, ஆகவே அதன் டி.என்.ஏ.யும் இல்லை, டி.என்.ஏ.யைப் பற்றி ஒளிரும் சாயத்தை இட்டால் ஒளிர்வது ஒட்டுண்ணியே என்பதால், அந்த ஒளியைப் பாதியாகக் குறைக்கும் மருந்தளவைக் கருவியே கணித்துவிடும். அதே அளவு மற்ற உயிரணுக்களையும் கொல்லுமானால் அது வெறும் நஞ்சு. ஆகவே, பாலூட்டி உயிரணுக்களைக் கொல்ல அதைப்போலப் பல மடங்கு தேவைப்படும் சேர்மமே எலிக்கூண்டு வரை போகிறது.