பல் கட்டுவதற்கு முன் தாடையில் நடக்கும் அறுவை: கடலூர் மாவட்ட நோயாளிகள் அறிய வேண்டியவை

பல் செட்டோ இம்ப்ளான்டோ வைப்பதற்கு முன், அதைத் தாங்கப்போகும் எலும்பையும் ஈறையும் அறுவை மூலம் சீர்செய்வது ஒரு தனி சிகிச்சை. பல் பிடுங்கிய இடத்தில் கூராக நிற்கும் எலும்பைத் தேய்த்து மழுங்கச் செய்வது, மேலண்ணத்திலோ கீழ்த்தாடையின் உட்புறத்திலோ புடைத்திருக்கும் எலும்பை எடுப்பது, பொருந்தாத பழைய செட் உராய்ந்து தடித்த சதையை வெட்டுவது, செட்டை இடம்பெயரச் செய்யும் உதட்டுச் சவ்வை விடுவிப்பது ஆகியவை இதில் சிறியவை. மரப்பு ஊசி போட்டு, பெரும்பாலும் ஒரே அமர்வில் முடிந்துவிடும். எலும்பு கரைந்துபோன இடத்தில் புது எலும்பு வைத்து வளர்ப்பதும், மேல்தாடைக்கு மேலுள்ள சைனஸ் அறையின் அடித்தளத்தை உயர்த்தி அங்கே எலும்புத்தூள் நிரப்புவதும் பெரியவை. இவற்றுக்குச் செலவும் அதிகம், காத்திருப்பும் அதிகம்.

இந்தத் தேவை உருவாவது பல் பிடுங்கும் நாளில்தான். பல் போன இடத்தில் எலும்புக்கு வேலை இல்லை. அது கரையத் தொடங்குகிறது. முதல் ஓராண்டுக்குள் அகலத்தில் ஏறத்தாழ பாதி போய்விடும், அதிலும் பெரும்பங்கு முதல் மூன்று மாதங்களிலேயே போகும். முழு செட் போட்டவர்களுக்கு, ஆண்டுகள் செல்லச் செல்ல, கீழ்த்தாடை மேல்தாடையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு கரைகிறது. கீழ் செட் நிற்கவே மாட்டேன் என்கிறது என்று முதியவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். வலி வந்தபோதெல்லாம் ஒவ்வொரு பல்லாகப் பிடுங்கிவிட்டு, பத்து ஆண்டு கழித்து எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பல் கட்ட வருபவருக்குப் பெரும்பாலும் போதிய எலும்பு மிச்சம் இருக்காது. ஆகவே “இந்த இடத்தில் பிறகு என்ன வைக்கப் போகிறோம், அதற்காக இன்றே எலும்பைச் சீராக்க வேண்டுமா, காக்க வேண்டுமா?” என்ற கேள்வியைப் பல் பிடுங்குமுன் கேட்க வேண்டும். அன்றே செய்யக்கூடிய சின்ன வேலை விடுபட்டால், பின்னால் இன்னொரு அறுவைக்கு உட்கார நேரும்.

அறுவைக்கு முன் விளக்கம் பெறுவது நோயாளியின் உரிமை. சிகிச்சையின் தன்மை, ஆபத்துகள், மாற்று வழிகள், சிகிச்சையே வேண்டாம் என்றால் நேரக்கூடியது ஆகியவற்றைப் போதிய அளவு சொல்லித்தான் ஒப்புதல் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008ஆம் ஆண்டு சமீரா கோலி வழக்கில் தெளிவாக்கியது. ஒரு சிகிச்சைக்குத் தந்த ஒப்புதல் இன்னொன்றுக்குச் செல்லாது என்பதும் அத்தீர்ப்பின் சாரம். உயிரையோ உடல்நலத்தையோ காக்க உடனே செய்தாக வேண்டிய நிலை மட்டுமே விதிவிலக்கு. பல் பிடுங்கக் கையெழுத்துப் போட்டவர் எலும்பு வைக்கவும் சம்மதித்துவிட்டதாக யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.

விளக்கத்தில் அடிக்கடி விடுபடுவது ஒன்று உண்டு: வைக்கப்படும் எலும்பு எங்கிருந்து வருகிறது என்பது. நோயாளியின் மோவாயிலிருந்தோ கீழ்த்தாடையின் பின்பகுதியிலிருந்தோ எடுக்கலாம். மனித உடல் தானத்திலிருந்து பதப்படுத்தியதும் உண்டு. பரவலாகப் பயன்படும் எலும்புத்தூள்களில் சில மாட்டெலும்பிலிருந்தும், மேலே மூடும் சவ்வுகளில் சில பன்றியின் திசுவிலிருந்தும் செய்யப்படுகின்றன. முழுக்கச் செயற்கையானவையும் கிடைக்கின்றன. சிதம்பரத்தின் சைவ உணவுக் குடும்பங்களுக்கும் பரங்கிப்பேட்டையின் முஸ்லிம் குடும்பங்களுக்கும் இது சிறிய விஷயம் இல்லை. மருத்துவர் தானாகச் சொல்லாவிட்டாலும் கேட்டறிய வேண்டும். பொருளின் பெயர் அச்சிட்ட ஒட்டுச்சீட்டைக் கோப்பில் ஒட்டித் தரச் சொல்ல வேண்டும்.

ஆபத்துகளில் முதன்மையானது கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பு அடிபடுவது. அடிபட்டால் கீழுதடும் மோவாயும் மரத்துப்போகும். சில மாதங்களில் திரும்பலாம், நிரந்தரமாகவும் நின்றுவிடலாம். பின்பக்கக் கீழ்த்தாடையில் இம்ப்ளான்ட் வைக்குமுன், நரம்புக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை எக்ஸ்ரேயிலோ முப்பரிமாண ஸ்கேனிலோ காட்டச் சொல்லலாம். குறைந்தது 2 மில்லிமீட்டர் இடைவெளி விடுவது வழக்கம். மேல்தாடையில் சைனஸ் சவ்வு கிழிவதும், பிறகு மூக்கடைப்பும் சீழும் வருவதும் நேரக்கூடியவை.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்குப் புண் ஆறத் தாமதமாகும். புகைப்பவருக்கு இம்ப்ளான்ட் தோற்கும் வாய்ப்பு கூடுதல். இதயத்துக்காக ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர் அதை மறைக்கவும் கூடாது, தானாக நிறுத்தவும் கூடாது. எலும்புத் தேய்வுக்கோ எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கோ சோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் போன்ற ஊசி போட்டவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இவர்களுக்குத் தாடை எலும்பு ஆறாமல் அழுகிவிடலாம். புதுச்சேரி ஜிப்மரிலோ வேறெங்கோ வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் அதே ஆபத்து பல ஆண்டுகள் கழித்தும் நீடிக்கிறது. அந்தச் சிகிச்சைச் சீட்டு இல்லாமல் தாடையில் கை வைக்க விடக் கூடாது.

கருவிகளின் சுத்தம் உயிர் சம்பந்தப்பட்டது. வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்களில் எட்டுப் பேர் மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற பாக்டீரியாத் தொற்றால் இறந்தது பற்றிய ஆய்வு 2025இல் வெளியானது. ஈறை எலும்பிலிருந்து விலக்கப் பயன்படும் கருவியாலேயே சலைன் புட்டியைத் திறந்து, சரியாக மூடாமல் வைத்து, அதையே மற்றவர்களுக்கும் பயன்படுத்தியதாக ஆய்வாளர்கள் கண்டனர். அதே கருவிதான் இங்கே சொல்லும் அறுவைகளில் பெரும்பாலானவற்றில் பயன்படுகிறது. உறை பிரிக்காத கருவிகளும், தனக்கென்று புதிதாகத் திறந்த சலைனும் வேண்டும் என்று கேட்பதற்கு எந்த நோயாளியும் கூச்சப்பட வேண்டியதில்லை.

அவசரம் இன்னொரு ஆபத்து. வைத்த எலும்பு பிடிக்கச் சில மாதங்கள் ஆகும். சைனஸ் உயர்த்திய இடம் ஆற நான்கு முதல் ஒன்பது மாதம் வரை தேவைப்படலாம். வெளிநாட்டு வேலையிலிருந்து ஒரு மாத விடுப்பில் வருபவர் எல்லாவற்றையும் அந்த விடுப்புக்குள் முடிக்கச் சொல்வதும், அதற்கு ஒரு கிளினிக் தயங்காமல் உடன்படுவதும் நல்லதில்லை. அண்ணாமலை நகரில் 1980இல் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று அரசு பல் மருத்துவக் கல்லூரியாக இயங்கும் மருத்துவமனை இத்தகைய அறுவைகளுக்கு நல்ல புகலிடம். தாடை அறுவைத் துறையும் செயற்கைப் பல் துறையும் அங்கே ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அறுப்பவரும் பல் கட்டுபவரும் சேர்ந்து திட்டமிடாமல் நடக்கும் அறுவை பல நேரம் வீணாகிறது. தனியாரிடம் செல்பவரும் இரண்டாவது கருத்துக்கு இந்தக் கல்லூரி மருத்துவமனைக்கு வரலாம்.

தவறு நடந்ததாகத் தோன்றினால் முதல் வேலை ஆவணங்களைச் சேர்ப்பது. ஓ.பி. சீட்டு, எக்ஸ்ரே, ஸ்கேன், ஒப்புதல் படிவம், பொருட்களின் ஒட்டுச்சீட்டு, பணம் கட்டிய ரசீது எல்லாம் தேவை. ரசீது இல்லாமல் பணம் கொடுப்பது வழக்கையே பலவீனமாக்கும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று பல் மருத்துவர்களுக்கான 2014ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் கூறுகின்றன. எழுத்தில் கேட்டு, நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்வது நல்லது. மரத்துப்போன உதட்டை உடனே இன்னொரு மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்வதும் அவசியம். நரம்பை அழுத்தும் இம்ப்ளான்டைச் சீக்கிரம் எடுத்தால் உணர்வு திரும்ப வாய்ப்பு அதிகம்.

இழப்பீடு கோரும் இடம் கடலூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995ஆம் ஆண்டு வி.பி. சாந்தா வழக்கிலேயே முடிவானது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு வசதி செய்திருக்கிறது: நோயாளி குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். புதுச்சேரிக்கோ சென்னைக்கோ போய் இம்ப்ளான்ட் வைத்துவந்த சிதம்பரத்துக்காரர் அங்கே அலைய வேண்டியதில்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு. கொடுத்த கட்டணம் ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது. சிகிச்சை பலன் தரவில்லை என்பது மட்டும் அலட்சியம் ஆகாது. விளக்காமல் செய்தது, ஸ்கேன் பார்க்காமல் துளையிட்டது, புகாரைக் கேட்டும் கவனிக்காமல் விட்டது போன்றவற்றைக் காட்ட வேண்டும்.

எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் செய்யும் அரசு மருத்துவமனை மீது நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்ல முடியாது. பெயர்ப்பதிவுக்கு வாங்கும் சிறு தொகை இதை மாற்றாது. அங்கே மருத்துவமனைத் தலைமை, ஆட்சியர் அலுவலகத்தின் மக்கள் குறைதீர்க்கும் நாள், உரிமையியல் நீதிமன்றம் ஆகியவை வழிகள். மருத்துவரின் நடத்தை பற்றிய புகார், அவர் பதிவு பெற்ற மாநிலத்தின் பல் மருத்துவ கவுன்சிலுக்குப் போக வேண்டும். கவுன்சில் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும், பணம் வாங்கித் தராது. பதிவே இல்லாமல் பல் கட்டுபவர் மீது காவல் நிலையத்தில் புகார் தரலாம். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவியை நாடலாம்; பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே அந்த உதவி உண்டு. அதன் தொலைபேசி எண் 15100, நுகர்வோர் உதவி எண் 1915.