நீலப்புகையும் டர்போவின் மேல் விழும் பழியும்

பொன்முடிக்குப் போகும் சாலை, கல்லாற்றைக் கடந்த பிறகு 22 கொண்டை ஊசி வளைவுகளில் மடிந்து மடிந்து, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் சமவெளியில் ஒரு குற்றமும் காட்டாமல் ஓடி வந்த கார், இந்த ஏற்றத்தில் தாழ்ந்த கியர்களிலேயே திணறி ஏறி, திரும்பும்போது இறக்கத்தில் வெகுதூரம் யந்திரத்தின் பிடியிலேயே இறங்கி, மறுபடி ஆக்ஸிலேட்டரை மிதித்த க்ஷணத்தில் நீலப்புகையைக் கக்குமாயின், யந்திரம் எண்ணெயை எரிக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த எண்ணெய் எவ்வழியாக எரியும் இடத்துக்கு வந்து சேர்ந்தது என்று விசாரியாமலே, "டர்போ போய்விட்டது" என்று சொல்லிப் பெருந்தொகைக்குப் பில் போடுவதும், வண்டிக்காரர் அதை மறுபேச்சின்றிக் கட்டுவதும் மிகுந்த வருத்தத்துக்குரியவை.

பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் எவ்வளவு செம்மையாக அமைந்திருந்தாலும், எரிந்த வாயுவில் ஒரு சிறு பகுதி அவற்றைத் தாண்டிக் கீழே கிராங்க் கேஸுக்குள் இறங்கியே தீரும். இதை நம் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். டர்போ பொருத்திய யந்திரத்தில் காற்று அழுத்தித் திணிக்கப்படுவதால் சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம். ஆகவே கசிவும் அதிகம். இந்த வாயு எண்ணெய்த் துளிகளையும் நீராவியையும் எரியாத எரிபொருளையும் சுமந்துகொண்டு வெளியேற வழி தேடுகிறது. முற்காலத்தில் ஒரு குழாய் வைத்து அதைச் சாலையிலேயே விட்டுவிட்டார்கள். 1961இல் கலிபோர்னியா மாகாணம், இந்த வாயுவை மீண்டும் யந்திரத்துக்குள்ளேயே செலுத்தி எரிக்கவேண்டும் என்று நிர்ப்பந்தித்தது. நம் நாட்டிலும் பெட்ரோல் கார்களுக்கு அங்கீகாரம் வழங்கும் சோதனையில், கிராங்க் கேஸிலிருந்து வாயு வெளியே கசியக் கூடாது என்பது விதி.

திரும்பச் செலுத்தப்படும் ஆவியிலுள்ள எண்ணெயைப் பிரித்தெடுக்க ஒரு பிரிப்பானும், அதன் போக்கை ஒழுங்குபடுத்த ஒரு சிறு வால்வும், பிரீதர் குழாயும் உண்டு. இவற்றில் ஒன்று அடைபட்டால் கிராங்க் கேஸுக்குள் அழுத்தம் மிகுகிறது. டர்போவின் அச்சைக் குளிப்பாட்டிய எண்ணெய், தன் பாரத்தால் மட்டுமே கீழே வடிந்து தொட்டியை அடையவேண்டியது. கீழேயிருந்து அழுத்தம் எதிர்த்து நிற்கும்போது அது வடிய மாட்டாமல் தேங்கி, சீலைத் தாண்டிக் காற்றுப் பாதையில் கசிகிறது. குழாயைக் கழற்றிப் பார்த்தவர் டர்போ முழுவதும் எண்ணெய் படிந்திருக்கக் கண்டு அதையே குற்றவாளியாக்கிவிடுகிறார். அடைப்பை நீக்காமல் புதிய டர்போவைப் பொருத்தினால் அதுவும் அவ்வாறே கசியும். சில நூறு அல்லது சில ஆயிரம் ரூபாயில் தீரவேண்டிய உபாதைக்கு ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு கரைந்துபோவதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

டீசல் வண்டிகளில் அபாயம் பணத்தோடு நிற்பதில்லை. காற்றோடு அதிகமான எண்ணெய் உள்ளே போனால் யந்திரம் அதையே எரிபொருளாகக் கொண்டு தறிகெட்டு ஓடத் தொடங்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அத்தருணத்தில் கிளட்சை மிதித்து, பிரேக்கை அழுத்தி மலைப்பக்கமாக வண்டியை நிறுத்தி, உயர்ந்த கியரில் போட்டு, பிரேக்கை விடாமலே கிளட்சை விட்டு யந்திரத்தை அணைக்கவேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியாயின், நிறுத்திக் கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு, எல்லோரும் இறங்கி விலகிப் போவதே உத்தமம்.

பரிசோதனை எளிது. யந்திரம் மெதுவாக ஓடுகையில் ஆயில் மூடியை மெக்கானிக்கைக் கொண்டு திறக்கச் செய்யுங்கள். மெல்லிய ஆவி இயல்பு. புகை வேகமாகக் குமுறி வந்தால் வளையங்கள் தேய்ந்திருக்கலாம், அல்லது பிரீதர் அடைபட்டிருக்கலாம். பெட்ரோல் வண்டியில் மூடியைத் தூக்க முடியாதபடி உள்ளிழுத்தால் வால்வின் சவ்வு கிழிந்திருக்கக்கூடும். அதன்பின் கம்ப்ரஷன் சோதனை, கசிவுச் சோதனை. டர்போவைப் பற்றிய பேச்சு அதற்கும் பிறகுதான்.

இந்தத் தொல்லைக்கு மாற்றாக, பிரீதர் வழியே வரும் எண்ணெய் ஆவியைப் பிடிக்கும் டப்பாவைத் தனியாகப் பொருத்துவோர் அதன் வாயைக் காற்றில் திறந்துவிடுவது தவறு. உற்பத்தியாளர் குறித்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. வாரன்டியும் தகராறுக்கு உள்ளாகும். டப்பாவில் சேரும் கழிவெண்ணெய் சட்டப்படி அபாயகரமான கழிவு. அதைக் கல்லாற்றங்கரையில் கொட்டினால் வாமனபுரம் ஆற்றில்தான் போய்ச் சேரும்.

இனி உரிமை. 2020 ஜூலை 20 முதல் அமலிலுள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், உரிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதைச் சேவைக் குறைபாடாகவும், பில் தராதிருப்பதை நியாயமற்ற வணிக முறையாகவும் கருதுகிறது. ஆகவே வேலைச் சீட்டில் சோதனையின் முடிவை எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். தகராறு தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அல்லது வழக்குக் காரணம் தோன்றிய இரண்டு ஆண்டுகளுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் அதற்குக் கட்டணம் கிடையாது.