திருப்பதி வெயிலில் பிலிம் கழுவுவது எப்படி?

வீட்டுப் பரணில் பழைய அக்ஃபா கிளிக் காமிரா கிடந்தால் அவசரப்பட்டுத் திறந்துவிட வேண்டாம். முதுகுப்புறத்துச் சிவப்புக் கண்ணாடியில் எண் ஏதேனும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் உள்ளே கழுவாத சுருள் இருக்கிறது. பரோடாவில் தயாரான இந்தக் காமிராவில் ஒரு சுருளுக்கு 12 படம். நான்கைந்து எடுத்துவிட்டு மீதியை அடுத்த விசேஷத்துக்கு என்று நிறுத்தி வைப்பது அன்றைய சிக்கனம். அந்த விசேஷம் வராமலே போன வீடுகளும் உண்டு. காலமாகிவிட்ட தாத்தாவின் முகம் அதற்குள் இருக்கலாம்.

கருப்பு வெள்ளைச் சுருள் கழுவித் தரும் ஸ்டூடியோக்கள் இன்று அருகிவிட்டன. வீட்டிலேயே கழுவலாம். மூடி போட்ட டெவலப்பிங் டாங்க், வெப்பமானி, கடிகாரம், இரண்டு கரைசல், இவ்வளவுதான் தேவை. சுருளை டாங்குக்குள் ஏற்றும் சில நிமிடங்கள் மட்டும் முழு இருட்டு வேண்டும். சினிமாவில் காட்டும் சிவப்பு விளக்கு பிரிண்ட் போடும் காகிதத்துக்குத்தான் ஆகும்; பான்குரோமாட்டிக் சுருளை அதுவும் கெடுத்துவிடும்.

கோடாக் நிறுவனம் 1920களில் வகுத்த டி-76 டெவலப்பர் இன்றும் செல்லும். மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2. ஒரு லிட்டர் கரைசலுக்கு இது கணக்கு. மெட்டால் சிலருக்குக் கையில் அரிப்பு உண்டாக்கும், ஆகவே உறை அணிவது நல்லது. சமையல் பாத்திரம் கூடவே கூடாது. அடுத்தது ஹைப்போ. அது வெள்ளி உப்பைக் கரைக்கும் என்பதை ஜான் ஹெர்ஷல் 1819-லேயே கண்டறிந்தார்.

நம் பக்கத்துச் சிக்கல் ரசாயனத்தில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. புத்தகங்கள் சொல்லும் உஷ்ணம் 20 டிகிரி சென்டிகிரேட். திருப்பதியில் கோடையில் வெயில் 40-ஐத் தாண்டும். மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் கை சுடும். உதகமண்டலத்தில் 1960-ல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' சுருளைத் தயாரித்தது மலைக்குளிரில். கழுவியவர்கள் வெயிலில் வெந்தார்கள். அந்த ஆலையும் மூடப்பட்டுவிட்டது.

பலர் செய்யும் தவறு, டெவலப்பரை மட்டும் ஐஸ் வைத்துக் குளிரச் செய்துவிட்டுப் பிறகு குழாய்த் தண்ணீரில் அலசுவது. சுருளின் மேலுள்ள ஜெலட்டின் ஈரத்தில் உப்பியிருக்கும். திடீரென்று சூடு பட்டால் அது சுருங்கி, வறண்ட ஏரி போலப் பாளம் பாளமாக வெடித்துவிடும். தாத்தாவின் முகமும் அதோடு போயிற்று. இன்றைய சுருள்கள் ஓரளவு தாங்கும். பழைய சுருள் தாங்காது.

ஆகவே 20-ஐத் துரத்த வேண்டியதில்லை. எல்லாத் தண்ணீரும் 24-ல் நிற்கட்டும். 20 டிகிரியில் 8 நிமிடம் கேட்கும் சுருள் 24-ல் ஏறக்குறைய ஐந்தரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு 120 சுருளுக்கு டாங்கில் அரை லிட்டர் பிடிக்கும். டெவலப்பர், இடை அலசல், ஹைப்போ, மூன்று கழுவல், கடைசி முழுக்கு எல்லாம் சேர்த்தாலும் மூன்றரை லிட்டர்தான். அவ்வளவையும் பாட்டில்களில் நிரப்பி, ஒரே பெரிய தொட்டித் தண்ணீரில் விடியற்காலை நிறுத்தி வைத்தால் போதும். ஐஸ் வெளித்தொட்டியில்தான், டெவலப்பருக்குள் போட்டால் நீர்த்துவிடும்.

ஐஸ் கிடைக்காத இடத்தில் டெவலப்பரில் லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் வரை நீரற்ற சோடியம் சல்பேட் சேர்த்து ஜெலட்டின் உப்பாமல் தடுக்கலாம். மேலே சொன்ன சல்பைட் வேறு, இந்தச் சல்பேட் வேறு. கடையில் கேட்கும்போது கவனம்.

ஹைப்போவில் எவ்வளவு நேரம்? அதே வகைப் புதுச் சுருளின் துண்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தால் பால் நிறம் மறைந்து தெளியும். அதைப் போல் இரண்டு மடங்கு நேரம். அரை மணி குழாயைத் திறந்துவிட இங்கே தண்ணீருக்கு எங்கே போவது? டாங்கில் நீர் நிரப்பி 5 தடவை கவிழ்த்துக் கொட்டி, மறுபடி 10 தடவை, மறுபடி 20 தடவை செய்தால் போதும். போர் தண்ணீரின் உப்பு வெள்ளைப் புள்ளியாகப் படியும்; கடைசி முழுக்குக்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் உத்தமம். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும், கிணற்றடியில் ஊற்றலாகாது.

பரணில் கிடைத்த சுருளில் முதல் பாடம் படிக்க வேண்டாம். புதுச் சுருள்கள் இரண்டைக் கழுவிக் கை பழகிய பிறகு அதைத் தொடலாம். பல்லாண்டுச் சூட்டில் அது மங்கியிருக்கும். படம் ஒன்றுகூட வராமலும் போகலாம்.

கழுவிய சுருளைத் தூசியில்லாத குளியலறையில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டு, காய்ந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கலாம். வெள்ளை வேட்டி கருப்பாகத் தெரியும். திருமலையில் முடி இறக்கிச் சந்தனம் பூசிய குழந்தையின் தலை, நெகடிவில் அடர்ந்த முடியோடு நிற்கும்.