டைட்டன் ஏன் கோள் இல்லை?

2005 ஜனவரி 14. சனியின் நிலாவான டைட்டனில், பாராசூட்டில் தொங்கியபடி இரண்டரை மணி நேரம் மெல்ல இறங்கித் தரை தொட்டது ஹைகன்ஸ் ஆய்வுக்கலம். அது அனுப்பிய படத்தில், ஆரஞ்சு நிற மங்கல் வெளிச்சத்தில் கூழாங்கற்கள் சிதறிக் கிடந்தன. ஓடும் திரவம் உருட்டித் தேய்த்த கற்கள் என்பது பார்த்ததுமே தெரிந்தது. அத்தனையும் பனிக்கட்டி, உருட்டியது திரவ மீத்தேன். மைனஸ் 179 டிகிரி குளிரில் அங்கே மீத்தேன் மழையாகப் பெய்கிறது, ஆறாக ஓடுகிறது, வட துருவத்துக்கு அருகே கடலாகத் தேங்குகிறது. பூமியைவிட ஒன்றரை மடங்கு காற்றழுத்தமும் உண்டு.

இவ்வளவு இருந்தும் டைட்டன் கோள் இல்லை. சொல்லும்படியான காற்றே இல்லாத புதன், கோள்!

டைட்டனின் விட்டம் 5,150 கிலோமீட்டர், புதனுக்கு 4,879. வியாழனின் கானிமீட் இன்னும் பெரியது, 5,268. சொந்தக் காந்தப்புலம் உள்ள ஒரே நிலாவும் அதுதான். நிறையில் மட்டும் புதன் இரண்டையும்விட இரு மடங்குக்கு மேல்.

2006 ஆகஸ்ட் 24 அன்று பிராக் நகரில் சர்வதேச வானியல் ஒன்றியம் நமது சூரியக் குடும்பத்துக்கு மூன்று நிபந்தனைகள் விதித்தது. கோள் என்றால் சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பால் உருண்டு திரண்டிருக்க வேண்டும், தன் பாதையில் வேறு பொருள்கள் இல்லாமல் துடைத்திருக்க வேண்டும். மூன்றாவதில் புளூட்டோ விழுந்தது. உலகமே அதைப் பேசியது. முதல் நிபந்தனையிலேயே நிலாக்கள் வெளியேறியதைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை.

நிலாக்களைக் கோள் என்று அழைக்கப் பழைய வானியலாளர்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை. சனியைச் சுற்றும் இரண்டு நிலாக்களைக் கண்டுபிடித்த காசினி, 1673இல் வெளியிட்ட நூலில் அவற்றைப் புதிய கோள்கள் என்றே அழைத்தார். உருண்டையாக இருந்தால் நிலாவும் கோளே என்று ஆலன் ஸ்டெர்ன், கர்பி ரன்யன் போன்ற விஞ்ஞானிகள் இன்று வாதிடுகிறார்கள்.

அவர்கள் பக்கம் நிற்கும் வலுவான சாட்சி, நெப்டியூனின் டிரைட்டன். நெப்டியூன் சுழலும் திசைக்கு நேரெதிராக அதைச் சுற்றிவருகிறது இது. கூடவே பிறந்த நிலா இப்படிச் சுற்றாது. ஒரு காலத்தில் புளூட்டோவைப் போலச் சூரியனைத் தனியே சுற்றிக்கொண்டிருந்து, பிறகு நெப்டியூனின் ஈர்ப்பில் சிக்கியது என்பதே விஞ்ஞானிகளின் கணிப்பு. அன்று குறுங்கோள், இன்று நிலா. பாதை மாறியதற்காக ஓர் உலகத்தின் தகுதி எப்படிக் குறையும்?

பாதையும் முக்கியம்தான். கோள்கள் ஒன்றையொன்று எப்படி ஈர்க்கின்றன என்று கணக்கிடுவோருக்கு அதுவே அடிப்படை. உருண்டை வடிவம் மட்டும் போதுமென்றால், வெறும் 400 கிலோமீட்டர் விட்டமுள்ள மைமாஸ் என்ற நிலாவையும் கோள் என்று சேர்க்க வேண்டிவரும். பட்டியல் நூறைத் தாண்டும். அது மிகை.

ஆனால் இயற்கையே ஓர் எல்லையைக் காட்டுகிறது. நம் நிலவு, அயோ, யூரோப்பா, கானிமீட், கலிஸ்டோ, டைட்டன், டிரைட்டன் ஆகிய ஏழும் புளூட்டோவைவிடப் பெரியவை. இவற்றில் கடைசியான டிரைட்டன் 2,707 கிலோமீட்டர். அடுத்து வரும் நிலாவான டைட்டானியா 1,578தான். இடையே பெரிய இடைவெளி. இந்த ஏழு நிலாக்களையும் கோள்களாக ஏற்பதே நியாயம். ஒன்றியம் மனம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பள்ளிப் பாடநூல்களில் எட்டுக் கோள்களின் அட்டவணைக்குக் கீழேயே இந்த ஏழின் பெயரையும் விட்டத்தையும் அச்சிடுங்கள்.