வாங்குபவன் கதவடைத்தால்தான் சட்டமா?

தோட்டப் பகுதியான கஹவத்தையிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஆனாலும் லயங்களில் சோற்றுக்குத் துணையாக வருவது பெரும்பாலும் கருவாடும் நெத்தலியும் டின்மீனும்தான். கடலை அரசு எப்படிக் காக்கிறது என்று கேட்கும் உரிமை தோட்டத்தாருக்கும் உண்டு. 2012 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கையை எச்சரித்தது: ஆழ்கடலில் தொழில் செய்யும் கலங்களுக்குச் சரியான கண்காணிப்பில்லை, மீறுவோருக்குத் தண்டனையும் போதாது. திருத்தம் மெதுவாகவே நகர்ந்தது. 2015 ஜனவரியில் ஒன்றியத்தின் சந்தை நம் மீனுக்கு மூடப்பட்டதும் வேகம் பிறந்தது. பலநாள் கலங்களில் செய்மதிக் கண்காணிப்புக் கருவிகள் ஏறின, தண்டப்பணம் உயர்ந்தது, 2016 நடுப்பகுதியில் தடையும் நீங்கியது. ஆக, முடியாது என்பதல்ல சிக்கல். பணம் கொடுப்பவன் முகம் சுளித்தால்தான் முடிகிறது.

கடற்பசுவுக்கும் ஆமைக்கும் அப்படி முகம் சுளிக்க ஒரு வாடிக்கையாளன் இல்லை. தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இரண்டையும் காக்கிறது, ஆனால் மன்னார் குடாவில் கடற்புல்லை மேயும் கடற்பசு வலையில் சிக்கிச் சாகிறது, சட்டவிரோத டைனமைட்டும் அதை விடுவதில்லை. மீன்பிடி அனுமதி கடற்றொழில் திணைக்களத்திடம், வலையில் சிக்கும் விலங்கு வனசீவராசிகள் திணைக்களத்திடம். இரண்டு கோவைகளுக்கும் தண்ணீர் என்னவோ ஒன்றுதான்!

இந்திய இழுவைப் படகுகள் அள்ளிப்போகும்போது நம்மவருக்கு மட்டும் ஏன் கட்டுப்பாடு என்று கேட்பார்கள். வடக்கு மீனவரின் அந்தக் கோபம் நியாயமானது. 2017 ஜூலையில் இழுவைமடியை நாடாளுமன்றம் தடைசெய்ததற்கு அவர்களின் நீண்ட போராட்டமும் காரணம். ஆனால் நம் கரையில் வெடிக்கும் டைனமைட்டுக்கு அந்தப் படகுகளைக் குறைசொல்ல முடியாது. கட்டுப்பாடு வந்தால் மீன் விலை ஏறும், நாட்கூலிக்காரன் தட்டில்தான் அது விழும் என்பது இதைவிடக் கனமான கேள்வி. சில மாதங்களுக்கு ஏறக்கூடும், மறுப்பதற்கில்லை. குஞ்சு மீன் வளரும் கடற்புல்லைச் சுரண்டி எடுத்தாலோ, பிறகு வரும் பஞ்சத்துக்குக் கால எல்லையே இல்லை. இடைக்கால விலையேற்றத்தை அரசு மானியத்தால் தாங்கலாம். அதைவிட மலிவான வேலையும் உண்டு: வலையில் ஆமை சிக்கினால் வழக்குக்குப் பயந்து கடலில் வீசாமல், இறங்குதுறையிலேயே மீனவர் சொல்லிப் பதியும் ஏற்பாட்டை இரு திணைக்களங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்வது. அதற்குப் பிரசெல்ஸிலிருந்து கடிதம் வரத் தேவையில்லை.