கத்திக்கு முந்தைய நாட்கள்: ஒரு செலவுக் கணக்கு

386, 120, 266, 115. ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவுகளில் 2004 ஜூலை முதல் 2006 மே வரை நடந்த ஆய்விலிருந்து எடுத்த நான்கு எண்கள் இவை. மெத்திசிலின் வகை மருந்துகளுக்கு மசியாத ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியை, அதாவது எம்.ஆர்.எஸ்.ஏ.வை, உடலில் சுமந்தபடி அறுவை மேசைக்குப் போனவர்கள் 386 பேர். அவர்களில் 120 பேரிடம் கிருமி இருப்பது அறுவைக்கு முன் தெரியவில்லை. மீதி 266 பேருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும், அந்தக் கிருமிக்கு எதிராக வேலை செய்யும் தடுப்பு மருந்து அறுவைக்கு முன் முறையாகக் கிடைத்தது 115 பேருக்குத்தான். ஆக 386க்கு 115. நூற்றுக்கு முப்பது கூடத் தேறவில்லை.

அந்த ஆய்வு சிறியதல்ல. 12 வார்டுகள், 21,754 நோயாளிகள். ஒரு பாதிக் காலம் வருகிற எல்லோருக்கும் பரிசோதனை, மறுபாதியில் வழக்கமான நடைமுறை மட்டும். பரிசோதனைக் காலத்தில் வந்த 10,844 பேரில் 10,193 பேரிடம் ஸ்வாப் எடுத்தார்கள். 515 பேரிடம் கிருமி இருந்தது. அதில் 337 பேர் அதுவரை யாருக்கும் தெரியாத புதியவர்கள். ஒரு புதியவரைக் கண்டுபிடிக்க 30 ஸ்வாப். இவ்வளவு உழைத்தும் மருத்துவமனையில் எம்.ஆர்.எஸ்.ஏ. தொற்று பிடித்தவர்கள் பரிசோதனைக் காலத்தில் 93 பேர், வழக்கமான காலத்தில் 76 பேர். ஆயிரம் படுக்கை நாட்களுக்கு 1.11, 0.91. இந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது என்றது புள்ளியியல்; எப்படிப் பார்த்தாலும் தொற்று குறையவில்லை.

2008இல் இந்த முடிவு வெளியானதும், ஸ்வாப் எடுப்பது வீண் செலவு என்று பலர் முடிவு கட்டினார்கள். எனக்கு அந்த வாசிப்பில் உடன்பாடில்லை. முதல் நான்கு எண்களைத் திரும்பப் பாருங்கள். தோற்றது ஸ்வாப் அல்ல. ஸ்வாப்புக்கும் கத்திக்கும் நடுவில் இருக்க வேண்டிய நேரம் அங்கே இல்லை. விரைவுப் பரிசோதனை என்று பெயர் பெற்றதிலேயே, முடிவு வார்டுக்கு வந்து சேர இடைநிலை அளவில் 22.5 மணி நேரம் ஆனது. இன்று சேர்ந்து நாளைக் காலை மேசைக்குப் போகிறவருக்கு அந்தத் தாளால் என்ன பயன்? இன்னொரு எண்ணும் உண்டு: தொற்று பிடித்த 93 பேரில் 53 பேர் உள்ளே வரும்போது கிருமி இல்லாமல் வந்தவர்கள். வார்டுக்குள் கைமாறிய கிருமியை வாசலில் எடுக்கும் ஸ்வாப் தடுக்காது. அது கை கழுவும் கணக்கு.

இந்தச் செலவின் அலகு பணமல்ல, நாள். எண்ணிப் பாருங்கள். மூக்கிலும் தொடை இடுக்கிலும் ஸ்வாப் எடுக்க ஐந்து நிமிடம். நிறம் காட்டும் ஊடகத் தட்டில் கிருமி வளர 18 முதல் 24 மணி நேரம், பி.சி.ஆர். என்றால் ஓரிரு மணி நேரம், விலை கூடுதல். கிருமி இருக்கிறது என்று தெரிந்தால் முபிரோசின் களிம்பை மூக்கின் உட்புறம் தினமும் இரண்டு அல்லது மூன்று வேளை, ஐந்து நாள் தடவ வேண்டும். கூடவே குளோர்ஹெக்சிடின் குளியல். அறுவை நாளன்று வழக்கமான தடுப்பு மருந்தான செஃபாசோலின் சில நிமிடங்களில் ஏறிவிடும், ஆனால் எம்.ஆர்.எஸ்.ஏ.வை அது அசைக்காது. அதற்கு வான்கோமைசின் வேண்டும். அதை அவசரமாக ஏற்றினால் உடம்பு சிவந்து அரிக்கும், ரத்த அழுத்தம் விழும். ஒரு கிராமுக்கு ஒரு மணி நேரமாவது சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும். இதையெல்லாம் கூட்டினால் ஏறக்குறைய ஒரு வாரம். அவசர அறுவையில் அந்த வாரம் கிடையாது. தேதி குறித்துச் செய்யும் அறுவையில் அது இலவசமாகக் கிடைக்கிறது. தேதிக்காகக் காத்திருக்கும் நாட்களில் களிம்பு தடவ மருத்துவமனைப் படுக்கை தேவையில்லை, வீடே போதும்.

அடுத்து நெதர்லாந்து. 2005 அக்டோபர் முதல் 2007 ஜூன் வரை ஐந்து மருத்துவமனைகளில் 6,771 பேரின் மூக்கைப் பி.சி.ஆரால் சோதித்தார்கள். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இருந்தது 1,251 பேரிடம். ஆய்வில் சேர்ந்தவர்களில் 504 பேருக்கு முபிரோசினும் குளோர்ஹெக்சிடினும். 413 பேருக்கு மருந்தில்லாத களிம்பும் சோப்பும். மருந்து பெற்றவர்களில் இந்தக் கிருமியால் தொற்று கண்டவர்கள் 17 பேர், அதாவது 3.4 சதவீதம். மற்றவர்களில் 32 பேர், 7.7 சதவீதம். மருத்துவமனையில் தங்கும் காலமும் ஏறத்தாழ இரண்டு நாள் குறைந்தது. முடிவு சில மணி நேரத்தில் கைக்கு வந்ததால், சேர்ந்தவுடனே மருந்தைத் தொடங்க முடிந்தது. ஜெனீவாவில் நழுவிய நேரம் இங்கே நழுவவில்லை.

நான் வகுத்துப் பார்த்தேன். கிருமி உள்ள 23 பேருக்கு மருந்து கொடுத்தால் ஒரு தொற்று தவிர்கிறது. அந்த 23 பேரைக் கண்டுபிடிக்கச் சுமார் 124 பேருக்கு ஸ்வாப் எடுக்க வேண்டும். ஆழமான தொற்று ஒன்றுக்கு ஆகும் மறு அறுவை, வாரக்கணக்கான ஊசி, மாற்றிய மூட்டையே மறுபடி கழற்றுவது ஆகியவற்றின் முன் 124 ஸ்வாப் பெரிய செலவே அல்ல.

ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று: அந்த டச்சு ஆய்வில் கிடைத்த கிருமிகள் அத்தனையும் மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரண வகை. ஒன்றுகூட எம்.ஆர்.எஸ்.ஏ. இல்லை. தொற்றைக் கொண்டுவந்தது நோயாளியின் மூக்கில் பல காலமாகக் குடியிருந்த சாதாரணக் கிருமிதான். எதிர்ப்புத்திறன் கொண்டதை மட்டும் தேடுவோம், மற்றதை விட்டுவிடுவோம் என்றால் கணக்கு எப்படி மாறும்? நூற்றில் ஒருவரிடம்தான் எம்.ஆர்.எஸ்.ஏ. இருக்கிறது என்றும், மருந்தின் பலன் அதே அளவு என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு தொற்றைத் தவிர்க்க 2,300 ஸ்வாப். அதே குச்சி, அதே களிம்பு, அதே குளியல். கேள்வியைக் குறுக்கியதால் செலவு பதினெட்டு மடங்குக்கு மேல் ஏறுகிறது. அறுவைக்கு முந்தைய ஸ்வாப்பில் இரண்டு வகைக் கிருமியையும் தேட வேண்டும் என்று நான் சொல்வது இந்த எண்ணை வைத்துத்தான்.

இங்கிலாந்து எம்.ஆர்.எஸ்.ஏ.வை மட்டும் தேடியது. 2003–04இல் அங்கே ரத்தத்தில் எம்.ஆர்.எஸ்.ஏ. கண்டவர்கள் சுமார் 7,700 பேர். 2004இல் அரசு இதைப் பாதியாக்க இலக்கு வைத்தது. 2007–08இல் 4,451, 2008–09இல் 2,935. தேதி குறித்த அறுவைக்கு வருகிறவர்களுக்கு எம்.ஆர்.எஸ்.ஏ. பரிசோதனை கட்டாயமானது 2009 ஏப்ரலில்தான். பகல் நேரக் கண் அறுவை போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. பிறகு 1,898, 1,481, 2012–13இல் 924. இந்த வரிசையை முழுதாகக் கட்டாயப் பரிசோதனையின் வரவில் எழுதுகிறவர்கள் உண்டு. தேதிகள் அதற்கு இடம் தரவில்லை. 7,700இலிருந்து 2,935க்கு வந்த 62 சதவீத இறக்கம் அந்தக் கட்டாயத்துக்கு முன்பே நடந்துவிட்டது. கை சுத்தம், ரத்தக்குழாய்க் குழல்களின் பராமரிப்பு, மேலிருந்து வந்த அழுத்தம் எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. 2014இல் எல்லோருக்கும் என்பதைத் தளர்த்தி, ஆபத்து கூடிய பிரிவுகளுக்கும் முன்பு கிருமி கண்டவர்களுக்கும் என்று சுருக்கினார்கள். கிருமி அரிதானால் ஸ்வாப் ஒன்றின் பலன் தேயும். அந்த முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது.

அமெரிக்கக் கணக்கு இன்னும் தெளிவு. 20 மருத்துவமனைகள், 42,534 அறுவைகள்; இதயம், இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு. இரு வகை ஸ்டஃபிலோகாக்கஸையும் தேடினார்கள். இருந்தவர்களுக்குக் களிம்பும் குளியலும் ஐந்து நாள் வரை, எம்.ஆர்.எஸ்.ஏ. உள்ளவர்களுக்கு அறுவையன்று செஃபாசோலினோடு வான்கோமைசினும். பத்தாயிரம் அறுவைக்கு 36 ஆக இருந்த ஆழமான ஸ்டஃபிலோகாக்கஸ் தொற்று 21 ஆனது. வகுத்தால், தவிர்த்த ஒரு தொற்றுக்கு 667 அறுவை. இது சுமாரான வரவுதான். ஆனால் உள்ளே பிரித்துப் பாருங்கள். எல்லாப் படிகளையும் முழுமையாக முடித்தவர்கள் 39 சதவீதம். அரைகுறையாக முடித்தவர்கள் 44 சதவீதம். முழுமையாக முடித்தவர்களிடம் தொற்று விகிதம் முன்பிருந்ததில் கால் பங்குக்கு இறங்கியது. மற்றவர்களிடம் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. முதல் மூன்று நாள் தடவிவிட்டு விட்ட களிம்புக் குழாய் செலவுப் பக்கத்தில் மட்டும் ஏறுகிறது.

இனி நம் பக்கம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பு வலையமைப்பில், தொற்றுகளிலிருந்து பிரித்தெடுத்த ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸில் எம்.ஆர்.எஸ்.ஏ.வின் பங்கு 2016இல் 28.4 சதவீதம், 2021இல் 42.6 சதவீதம். நூறு பேரில் 42 பேர் அதைச் சுமக்கிறார்கள் என்று இதற்குப் பொருளல்ல. பெரிய மருத்துவமனைகளில் நோயாக வெளிப்பட்ட கிருமிகளின் விகிதம் இது. ஆனால் இந்த விகிதத்தில், செஃபாசோலினை மட்டும் நம்பி மூட்டு மாற்றுவது துணிச்சலான காரியம்.

குடலில் வாழும் கிருமிகளின் கணக்கு வேறு. 2010இல், வலிமையான மருந்துகளையும் முறிக்கும் நொதியான என்.டி.எம்.-1 பற்றிய ஆய்வுக் கட்டுரையில் சென்னையிலிருந்து 44 கிருமி மாதிரிகள் இருந்தன, பிரிட்டனிலிருந்து 37 மாதிரிகள். அந்தப் பிரிட்டன் நோயாளிகளில் குறைந்தது 17 பேர் அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ வந்தவர்கள். அவர்களில் 14 பேர் அந்நாடுகளின் மருத்துவமனைகளில் படுத்தவர்கள். இன்று பிரிட்டனில் வெளிநாட்டு மருத்துவமனையில் இருந்து வந்தவரிடம் மலக்குடல் ஸ்வாப் எடுக்கிறார்கள். ஆனால் குடலில் இருப்பதை அகற்ற முபிரோசின் போல ஒரு களிம்பு கிடையாது. அந்த ஸ்வாப்பின் பலன் பெரும்பாலும் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு: தனி அறை, தனிக் கழிப்பறை, கையுறை. தனி அறையே இல்லாத வார்டில் இந்தச் செலவுக்கு எதிரே வரவு எழுத முடியாது.

மூக்கு ஸ்வாப்பின் நிலை அப்படியல்ல. இதய, எலும்பு அறுவைக்குப் போகிறவர் மூக்கில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இருப்பது தெரிந்தால் முபிரோசின் கொடுக்க வேண்டும் என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் உறுதியாகப் பரிந்துரைத்தது. பைபாஸுக்கும் முழங்கால் மாற்றுக்கும் நம் மருத்துவமனைகள் தேதி கொடுக்கும்போது ரத்தம், இ.சி.ஜி., எக்ஸ்ரே என்று ஒரு சீட்டும் எழுதித் தருகின்றன. மூக்கு ஸ்வாப்பும் அதே சீட்டில், அன்றே எழுதப்பட வேண்டும். ஸ்வாப் எடுத்த நாள், முடிவு வந்த நாள், களிம்பு தொடங்கிய நாள், அறுவை நாள் என்ற நான்கு தேதிகளும் நோயாளியின் கோப்பில் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவில் ஏழு நாளாவது வேண்டும்.